நாம் வாழும் தெருவும் நம் அரசியல் எண்ணமும்

பத்தாம் வகுப்பு மாணவி



வாக்காளர் பட்டியலை எப்போதாவது நீங்கள் ஊன்றிப் பார்த்ததுண்டா? அதில் பெயர் இருக்கும். தந்தை அல்லது கணவர் பெயர் இருக்கும். வயதும் வீட்டு எண்ணும் இருக்கும். ஒருவர் எவ்வளவு படித்தவர், என்ன நினைக்கிறார் என்பதெல்லாம் அதில் இராது. தெருத் தெருவாகவே பட்டியல் பிரிக்கப்பட்டிருக்கும். ஆகவே அரசாங்கத்திற்கு நம்மை முதன்முதலில் அறிமுகப்படுத்துவது நாம் குடியிருக்கும் தெருதான்.

1989ஆம் ஆண்டில் நம் அரசியலமைப்பின் 61ஆம் திருத்தம் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. பத்தாம் வகுப்பில் இருக்கும் நமக்கு இன்னும் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். தெருவின் பெயரோடு நம் பெயரும் அச்சாகப் போகிறது. நம் தெரு நம் பெயரை மட்டுமா தாங்குகிறது, அல்லது நம் அரசியல் எண்ணங்களையும் அதுவே வளர்த்துவிடுகிறதா? இக்கேள்வியை வகுப்பில் எழுப்பியபோது எங்கள் சமூக அறிவியல் ஆசிரியை, "விடையை நூலகத்திலும் தேடு, பேருந்து நிறுத்தத்திலும் தேடு" என்றார்கள். இரண்டிடத்திலும் தேடியதில் கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

நூலகத்திலிருந்து தொடங்குகிறேன். நம் கடற்கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். 1530களில் இக்கரையின் பரதவ மக்கள் போர்த்துக்கீசியரின் துணையை நாடியதையும், ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றதையும், 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்து அவர்களை விசுவாசத்தில் உறுதிப்படுத்தியதையும் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். வரலாற்று நூல்கள் இதனுடன் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கின்றன. முத்துச் சிலாபத்தின் மீது யாருக்கு உரிமை என்ற கடும் போட்டி அப்போது கரையில் நடந்துகொண்டிருந்தது. உள்நாட்டில் நெல் விளைவித்தவனுக்கு அப்படியொரு போட்டி இல்லை. ஆகவே கடல் கடந்து வந்தவனின் துணையும் அவனுக்குத் தேவைப்படவில்லை. அந்த அளவுக்கு இடம் ஒரு மக்களின் முடிவைத் தீர்மானித்தது. ஆனால் 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தபோது கோட்டையில் கொடி மாறியது; மக்களின் கத்தோலிக்க விசுவாசம் மாறவில்லை. இடம் ஒருவரை ஒரு வழியில் நடக்கத் தொடங்கி வைக்கும். கடைசிவரை கைப்பிடித்து நடத்திவிடாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி, நம் ஊர் நாடறிந்த ஊரான காலத்திற்கு வருவோம்.

வ. உ. சிதம்பரனார் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். அங்கே வழக்கறிஞராக இருந்த அவர் 1900இல் தூத்துக்குடிக்குக் குடிவந்தார். இந்த இடமாற்றத்தைப் பேச்சுப் போட்டிகளில் நாம் ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். சற்று நின்று பார்க்க வேண்டும். ஒட்டப்பிடாரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் மண், பருத்தியும் கம்பும். அங்கேயே இருந்திருந்தால் அவர் சிறந்த வழக்கறிஞராயிருப்பார், தேசபக்தராகவும் இருந்திருப்பார். கப்பல் கம்பெனி தொடங்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அங்கே தோன்றியிருக்குமா?

தூத்துக்குடியிலோ நிலைமை வேறு. 1876இலேயே ரயில் வந்துவிட்டது. 1914இல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை, ரயிலில் வந்து இறங்கிக் கொழும்புக்குக் கப்பலேறுவோர் நம் ஊர் வழியாகவே சென்றனர். கரையோரம் ஆழமில்லாததால் கப்பல்கள் வெகு தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. ஆட்களையும் மூட்டைகளையும் தோணிகளே கொண்டு சேர்த்தன. தோணி நம்மவருடையது, மூட்டை தூக்கிய தோள் நம்மவருடையது, கட்டணம் கொடுத்தவரும் நம்மவர். ஆனால் கப்பலும் இலாபமும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியுடையவை. சுதேசியம் என்றால் என்ன என்று வேறு ஊர் இளைஞனுக்குப் பத்திரிகைதான் சொல்ல வேண்டியிருந்தது. நம் ஊர் இளைஞன் கடற்கரைக்குப் போய் நின்றாலே போதும்.

1906இல் பத்து இலட்சம் ரூபாய் மூலதனத்தில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பிறந்தது. பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் இரண்டு இலட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கினார். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், இறுதியில் இலவசப் பயணத்தோடு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். குடை வாங்கிக்கொண்டு போனவர்களும் நம் ஊரார்தாமே என்று எண்ணும்போது சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

1908 பிப்ரவரி 27ஆம் நாள் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். குறைந்த கூலி, நீண்ட வேலை நேரம், வார விடுமுறை இல்லாமை ஆகியவையே காரணங்கள். வ. உ. சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்காகப் பேசினர். மார்ச் மாதத் தொடக்கத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. இத்தனைக்குப் பிறகு மார்ச் 12இல் தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். மறுநாள் இரண்டு ஊர்களில் நடந்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் கேள்விக்கு ஒரு நல்ல விடை கிடைக்கிறது.

தூத்துக்குடியில் வேலை நின்றது. கடைகள் அடைக்கப்பட்டன, மில் தொழிலாளர்கள், குதிரை வண்டிக்காரர்கள், சவரத் தொழிலாளர்கள், சலவைத் தொழிலாளர்கள் என ஒவ்வொருவரும் தம் தொழிலை நிறுத்தினர். திருநெல்வேலியிலோ மாணவர்கள் கல்லூரியை விட்டு வெளியே வந்தனர். நகராட்சி அலுவலகம், அஞ்சலகம், காவல் நிலையம் ஆகியவை தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தனர். கோபம் ஒன்றே. ஆனால் ஒன்று ஆலையும் துறையும் உள்ள ஊர். அதன் கையில் இருந்தது உழைப்பு, ஆகவே உழைப்பை நிறுத்தியது. மற்றது அலுவலகங்களும் கல்லூரிகளும் உள்ள ஊர். அங்கே இளைஞர்கள் வகுப்பை விட்டார்கள், கூட்டம் அலுவலகங்களின் மேல் பாய்ந்தது. தீ வைத்ததை நான் பாராட்டவில்லை. ஊரில் எது இருக்கிறதோ அதுவே இளைஞரின் அரசியலுக்கு உருவம் தருகிறது என்பதைக் காட்டவே சொன்னேன்.

"அப்படியானால் சுப்பிரமணிய சிவா?" என்று என் தோழி ஒருத்தி மடக்கினாள். நியாயமான கேள்வி. அவர் பிறந்த வத்தலக்குண்டில் கடலுமில்லை, கப்பலுமில்லை. பாரதியாரின் எட்டயபுரமும் அப்படியே. ஜமீன் அரண்மனையின் நிழலில் கிடந்த ஊர் அது. ஆனால் பாரதியார் 1898 முதல் 1902 வரை காசியில் இருந்தார். 1904இல் சென்னை சென்று சுதேசமித்திரனில் சேர்ந்தார். பிறகே அவர் பேனா அரசியலில் முழுமையாக இறங்கியது. சிவாவும் ஊர் ஊராக நடந்து பேசியவர். பிறந்த இடத்தைப் போலவே, போய்ச் சேர்ந்த இடமும் ஒருவரை ஆக்குகிறது என்றே என் தோழிக்கு விடை சொன்னேன். 1965 ஜனவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் எழுந்தபோதும் மதுரை, சிதம்பரம், சென்னை போன்ற கல்லூரி நகரங்களே கொதித்தன. பல ஊர்களிலிருந்து வந்து ஒரே விடுதியில் உண்டு உறங்கியவர்களுக்கு விடுதியே ஒரு புது ஊராகிவிடுகிறது. நம் விடுதி மாணவியர் இதை என்னைவிட நன்றாக அறிவார்கள்.

இனிப் பேருந்து நிறுத்தம். நம் பள்ளித் தோழியர் பலரிடம் ஒரே கேள்வியைக் கேட்டேன். "உனக்கு ஓட்டு இருந்தால், ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் முதலில் எதைக் கேட்பாய்?" கட்சிப் பெயர் சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. (அருட்சகோதரிகள் கவலைப்பட வேண்டாம், ஒருவரும் சண்டையிடவில்லை.)

திரேஸ்புரத்திலிருந்து வருகிறவள் யோசிக்கவே இல்லை. "விசைப்படகு எங்க வலையை அறுத்துட்டுப் போகக்கூடாது" என்றாள். அவள் வீட்டில் நாட்டுப்படகு. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983ஆம் ஆண்டிலேயே வந்தது. கரையை ஒட்டிய கடற்பகுதியில் விசைப்படகுகள் மீன் பிடிக்கலாகாது என்பது விதி. பாடநூலில் இல்லாத இந்த விதியை அவள் மனப்பாடமாகச் சொன்னாள். அவளோடு அதே பேருந்தில் ஏறும் இன்னொருத்தியின் அண்ணன் விசைப்படகில் போகிறவர். அவள் கேட்பது வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கொடுக்கும் நிவாரணத்தைக் கூட்ட வேண்டும், டீசல் விலையைக் குறைக்க வேண்டும் என்கிறாள். ஆகஸ்ட் 5ஆம் நாள் பனிமய மாதா திருவிழாவில் இருவரும் கைகோத்து நிற்பார்கள். கடலும் ஒன்று, ஊரும் ஒன்று. வீட்டில் இருக்கும் படகுதான் வேறு.

முத்தையாபுரம் பக்கத்திலிருந்து வருகிறவளின் அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறார்கள். வெயில் ஏறுமுன் பாத்திக்குப் போனால்தான் உப்பு வாரி எடுத்துக் கரையேற்ற முடியும். வெயில் ஏறிவிட்டால் உப்பின் வெண்மை கண்ணைப் பறிக்கும். நமக்கு மழை வந்தால் பள்ளி விடுமுறை கிடைக்குமா என்று பார்ப்போம். அவள் வீட்டில் மழை வந்தால் வேலை போய்விடும். அக்டோபர் தொடங்கினாலே கவலை. 2022இல் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. "அது மூணு மாசத்துக்கும் காணாது" என்று அவள் கணக்குப் போட்டுக் காட்டினாள். அரிசி, எண்ணெய், வாடகை, தம்பியின் கட்டணம் என்று அவள் போட்ட கணக்கில் பிழையேதுமில்லை; நானும் கூட்டிப் பார்த்தேன்.

துறைமுகக் குடியிருப்பில் இருப்பவளோ வெளித்துறைமுகத் திட்டம் விரைவாக முடிய வேண்டும் என்கிறாள். 2024 பிப்ரவரியில் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். பெரிய கப்பல் வந்தால் வேலை வரும் என்பது அவள் வாதம். ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாழைத் தோட்டக்காரர் மகள் தாமிரபரணித் தண்ணீர் முதலில் வயலுக்கு வர வேண்டும் என்றாள். நகரத்துப் பெண்கள் குழாயில் நாள்தோறும் தண்ணீர் வேண்டும் என்றார்கள். நகரத்துக் குழாயில் வருவதும் வல்லநாட்டில் எடுத்த அதே தாமிரபரணித் தண்ணீர்தான் என்று நான் சொன்னபோது இரு பக்கமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டன.

இங்கே ஒன்றைக் கவனித்தேன். ஊருக்கு நடுவில் குடியிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்குச் சொல்ல அவ்வளவு தெளிவான விடை முன்பு இருந்ததில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை அதை மாற்றிவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம் நகரின் தாழ்ந்த தெருக்களில் தண்ணீர் வடியப் பல நாட்களாயின. இப்போது அத்தெருக்களில் இருந்து வருகிறவர்களைக் கேட்டால், கேட்டு முடிக்குமுன் "வடிகால்" என்கிறார்கள். தெரு மாறவில்லை, குடியிருப்போரும் மாறவில்லை. ஆகவே இடம் என்பது வரைபடத்தில் நிற்கும் புள்ளி மட்டுமல்ல. அங்கே என்ன நேர்ந்தது என்பதும் அதில் அடங்கும்.

என் வீட்டிலும் இந்த வேறுபாடு உண்டு. என் அப்பா துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுகிறவர். என் மாமா புன்னைக்காயலில் கடல் தொழில் செய்கிறார். 1974இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமானதுதான் நம் ஊருக்குச் சோறு போட்டது என்பார் அப்பா. "உங்களுக்குப் போட்டது, எங்களுக்கு வலை போடுற இடத்தைக் குறைச்சது" என்பார் மாமா. "மச்சான், நீங்க சாப்பிடுற கோதுமையும் கப்பல்லதான் வருது" என்று அப்பா முடிப்பார். இருவரும் ஒரே தட்டில் வைத்த மீனைச் சாப்பிட்டுக்கொண்டே பேசுவது இது.

அடுத்ததை எழுதத் தயக்கமாக இருந்தது. ஆனால் தூத்துக்குடி இளைஞரின் அரசியல் எண்ணத்தைப் பற்றி எழுதிவிட்டு 2018ஐ விட்டால் கட்டுரை உண்மையாயிராது. ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை விரிவுபடுத்துவதை எதிர்த்து அவ்வாண்டு பிப்ரவரியில் ஆலையை அடுத்த குமரெட்டியாபுரம் கிராம மக்கள் போராட்டம் தொடங்கினர். நூறாவது நாளான மே 22இல் பெருங்கூட்டம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிச் சென்றது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பதின்ம வயதுப் பெண் ஒருத்தியும் உண்டு. மே 28இல் ஆலையை நிரந்தரமாக மூட அரசு ஆணையிட்டது. 2024 பிப்ரவரி 29இல் உச்ச நீதிமன்றம் ஆலை நிறுவனத்தின் மனுவைத் தள்ளுபடி செய்தது.

போராட்டம் எங்கே தொடங்கியது என்று பாருங்கள். பெரிய நகரத்துக் கல்லூரியிலோ கட்சி அலுவலகத்திலோ அல்ல. ஆலைக்கு அடுத்த கிராமத்தில். மறுபுறம், ஆலைச் சரக்கை நம்பி லாரி ஓட்டியவர்களும் அங்கே ஒப்பந்த வேலை பார்த்தவர்களும் இருந்தனர். திறக்க வேண்டும் என்று மனுக் கொடுத்தவர்களும் உண்டு. காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதும் சம்பளம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதும் பெரும்பாலும் கருத்தைப் பிரித்தன. இருதரப்பு வீட்டுப் பிள்ளைகளும் நம் ஊர்ப் பள்ளிகளில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள். வேலையையும் காற்றையும் தராசில் வைத்து வாதாடலாம். உயிர்களை அப்படி ஒரு தட்டில் வைத்து நிறுக்க என்னால் இயலாது.

"இப்போதெல்லாம் தெருவாவது ஊராவது? எல்லாருடைய கருத்தும் கைப்பேசியில்தான் உருவாகிறது" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். சென்னையில் ஒருவர் பேசியது அன்று மாலையே தருவைகுளத்துக்கும் வந்துவிடுகிறது. ஆனால் வந்ததையெல்லாம் நாம் பிறருக்கு அனுப்புவதில்லை. இலங்கைக் கடற்படை மீனவரைப் பிடித்த செய்தி வந்தால், கடலோரத் தோழிகள் அதை உடனே அனுப்புகிறார்கள். 1974இலும் 1976இலும் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட கடல் எல்லை ஒப்பந்தங்களைப் பற்றியும் பேசுகிறார்கள். விளாத்திகுளத்துத் தோழி அதைப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறாள். காட்டுப்பன்றி மக்காச்சோளத்தை அழித்த படம் வந்தால் அவள் விடமாட்டாள். கைப்பேசி எல்லார் வீட்டு வாசலுக்கும் வருகிறது. யாரை உள்ளே அழைப்பது என்பதை வீடுதான் முடிவு செய்கிறது.

கடைசியாக, நம்மைப் பற்றிக் கொஞ்சம். 1908ஐப் பற்றி நான் படித்த பக்கங்களில் பெண்களை மிக அரிதாகவே கண்டேன். அன்றும் தூத்துக்குடித் தெருக்களில் பெண்கள் இருந்தார்கள். ஆலைக்குப் போன கணவன் கூலியில்லாமல் திரும்பியபோது அடுப்பைப் பார்த்தவர்கள் அவர்களே. அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எழுதி வைப்பாரில்லை. இன்னொன்றும் உண்டு. ஆண்பிள்ளைகளில் பலர் பிறந்த தெருவிலேயே முதல் ஓட்டையும் கடைசி ஓட்டையும் போடுவார்கள். நம்மில் பலருக்குத் திருமணத்தோடு தெரு மாறும். தெருவோடு கேள்விகளும் மாறும்.

இதை அம்மாவிடம் கேட்டேன். அம்மா புன்னைக்காயலில் பிறந்து தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். "இங்க தண்ணி என்னைக்கு வரும், எந்தக் குழாய்ல வரும்னு தெரிஞ்சுக்கிடவே எனக்கு ஒரு வருசம் ஆச்சு. அதுக்குப் பொறவுதான் இந்த ஊர் ஓட்டைப் பத்தி நெனச்சேன்" என்றார்கள். "புன்னைக்காயலை மறந்துட்டீங்களா?" என்றேன். "ஆத்து முகத்துவாரத்துல மண்ணு மேடு கட்டிக்கிச்சு, படகு வெளிய போக முடியலன்னு உங்க மாமா போன்ல சொன்னா, அன்னைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வராது" என்றார்கள். அம்மாவின் பெயர் ஒரு பட்டியலில்தான் இருக்கிறது.

நமக்கு இந்தச் சிக்கல் இன்னும் சீக்கிரமே வரப்போகிறது. 2022இல் தேர்தல் ஆணையம் செய்த மாற்றத்தின்படி, 17 வயது நிறைந்தவர்கள் முன்கூட்டியே படிவம் 6ஐ நிரப்பிக் கொடுக்கலாம். 18 நிறைந்தபின் பெயர் ஏறும். கல்லூரி விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் விடுதி முகவரியையும் கொடுக்கலாம், சொந்த ஊர் முகவரியையும் கொடுக்கலாம். ஆனால் ஏதேனும் ஒன்றுதான். என் விளாத்திகுளத்துத் தோழி ஆறாம் வகுப்பிலிருந்து நம் விடுதியில் இருக்கிறாள். ஆண்டில் பத்து மாதம் தூத்துக்குடித் தண்ணீர் குடிக்கிறாள்; வெள்ளத்தின்போது விடுதி மாடியில் எங்களுக்கு முன்பாகவே விளக்கேற்றியவள். கல்லூரியும் இங்கேதான் படிப்பேன் என்கிறாள். "படிவத்தில் எந்த முகவரி எழுதுவாய்?" என்று கேட்டேன்.

"ஊர் முகவரிதான்" என்றாள். "இங்க வடிகால் கேட்க நீங்க அத்தனை பேர் இருக்கீங்க. எங்க கண்மாயைத் தூர் வாரச் சொல்லி யார் கேப்பா?"

திரேஸ்புரத்துக்காரி இதை ஒப்புக்கொள்ளவில்லை. இருக்கிற ஊருக்குத்தான் ஓட்டு என்கிறாள். அந்த வாதம் இன்னும் இடைவேளைகளில் நடந்துகொண்டிருக்கிறது.